ஆண்டு மலரில் மாணவர் படப் பக்கங்கள்: தானாக அடுக்கிப் பார்த்தவர்களின் அனுபவங்கள்

பக்க வடிவமைப்பாளர், மதுரை

பள்ளி ஆண்டு மலர் வேலை எங்கள் பக்கம் பெரும்பாலும் பிப்ரவரியில்தான் வந்து விழும். பொதுத்தேர்வுக்கு முன்னால் பிள்ளைகள் கையில் புத்தகம் இருக்க வேண்டும் என்பார்கள். தலைமையாசிரியர் உரை, கட்டுரை, கவிதை, விளையாட்டு விழா எல்லாம் எப்படியோ முடிந்துவிடும். கடைசியில் மலைபோல் நிற்பது வகுப்புவாரியாக ஒவ்வொரு பிள்ளையின் முகமும் பெயரும் வருகிற பக்கங்கள்தான். ஆயிரம் பேர் படிக்கிற பள்ளி என்றால் ஆயிரம் கட்டம், ஆயிரம் படம், ஆயிரம் பெயர். பேஜ்மேக்கர் காலத்தில் அத்தனையையும் கையால் வைத்தோம். இப்போது ஒன்றைக்கூட நான் கையால் வைப்பதில்லை. எப்படி என்று எழுதுகிறேன், மற்றவர்களும் தங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

படத்தை அடுக்குவது சுலபம். எந்த முகம் எந்தப் பெயருக்கு உரியது என்று முடிச்சுப் போடுவதுதான் நிஜமான வேலை. ஒரு பள்ளி மலர் பாதியில் என்னிடம் வந்தது. வருகைப் பதிவேட்டு வரிசையில் பிள்ளைகளை நிற்க வைத்துப் படம் எடுத்திருந்தார்கள். நடுவில் ஒரு பையன் கண்ணை மூடிவிட, அவனை இரண்டு முறை எடுத்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு வந்த அத்தனை பேருக்கும் முந்தைய பிள்ளையின் முகம். கணினி அதைத் துளியும் சந்தேகப்படவில்லை, அழகாக அடுக்கிக் கொடுத்துவிட்டது. கையால் வைத்திருந்தால் ஓரிரண்டு பிழை வரும். தானியங்கியில் பிழை வந்தால் வகுப்பே மாறிப்போகும்.

அதிலிருந்து வரிசையை நம்பி எந்த வேலையும் எடுப்பதில்லை. சேர்க்கை எண்தான் அடையாளம். ஒவ்வொரு பிள்ளைக்கும் சேர்க்கை எண் அடங்கிய க்யூஆர் கோடு அச்சிட்ட சீட்டு கொடுத்துவிடச் சொல்வேன். முதலில் சீட்டைப் பிடித்தபடி ஒரு படம், அப்புறம் சீட்டைக் கீழே வைத்துவிட்டு வேண்டிய அளவு படம். பைத்தானில் எழுதிய சின்ன நிரல் எல்லாப் படத்தையும் நேர வரிசையில் பார்த்துக்கொண்டே போகும். க்யூஆர் தெரிந்தால் எண்ணைக் குறித்துக்கொள்ளும், அடுத்த க்யூஆர் வரும்வரை உள்ள படங்களுக்கெல்லாம் அந்த எண்ணையே பெயராக வைக்கும். ஒருவருக்குப் பத்துப் படம் எடுத்தாலும் குழப்பம் வராது. ஒரே வகுப்பில் ஒரே இனிஷியலோடு இரண்டு கார்த்திக் இருந்தாலும் கவலை இல்லை. ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: 0457 என்ற எண்ணை எக்செல் 457 ஆக்கிவிடும். அந்தப் பத்தியை முன்கூட்டியே டெக்ஸ்ட் என்று மாற்றி வையுங்கள்.

பக்கம் கட்டுவதற்கு, இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் பட்டியலிலிருந்து பெயரையும் படத்தையும் எடுத்து நிரப்புகிற டேட்டா மெர்ஜ் வசதி போதும் என்று பலர் சொல்வார்கள், சிறிய பள்ளிக்குப் போதும்தான். எக்செலில் படத்துக்கான பத்தித் தலைப்பின் முன்னால் @ போட வேண்டும். எக்செல் அதைச் சூத்திரம் என்று நினைத்து மறுக்கும், அதனால் முதலில் ஒற்றை மேற்கோள் குறி போட்டுவிட்டு @ அடியுங்கள். கோப்பை 'யூனிகோட் டெக்ஸ்ட்' வகையில் சேமித்தால் தமிழ் உடையாமல் வரும். இன்டிசைனில் பாரா அமைப்பை 'வேர்ல்டு-ரெடி கம்போசர்' என்று மாற்றாவிட்டால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும்.

டேட்டா மெர்ஜில் எனக்கு ஒத்துவராதது ஒன்றுதான். வகுப்பு மாறுவது அதற்குத் தெரியாது. எட்டாம் வகுப்பின் கடைசிப் பிள்ளைக்குப் பக்கத்திலேயே ஒன்பதாம் வகுப்பைத் தொடங்கிவிடும். கடைசி வரிசையில் இரண்டு பேர் மட்டும் மிஞ்சினால் இடது ஓரத்தில் அநாதையாக நிற்பார்கள். அதனால் இன்டிசைனுக்கு உள்ளேயே ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் எழுதிக்கொண்டேன். வகுப்பில் எத்தனை பேர் என்று எண்ணி, அதற்கேற்பக் கட்டத்தை அது முடிவு செய்யும். 42 பேர் என்றால் ஆறுக்கு ஏழு. 32 பேர் என்றால் ஐந்தைந்தாக ஆறு வரிசை போட்டு இரண்டு பேரைத் தொங்கவிடாமல், நாலுக்கு எட்டு. 37 போன்ற எண் வந்தால் மிஞ்சியவர்களை நடுவில் நிறுத்தும்.

முகத்தைச் சமமாக வெட்டுவது தனி வேலை. ஓப்பன்சிவி என்ற படம் அலசும் நிரல் தொகுப்பில் முகம் கண்டுபிடிக்கும் ஹார் முறை இலவசம், வேகமும் அதிகம். 2001-இல் வயோலா, ஜோன்ஸ் என்ற இருவர் வெளியிட்ட முறை அது. நேராகப் பார்க்கும் முகத்துக்கு இன்றைக்கும் உதவுகிறது. ஆனால் வகுப்பறைச் சுவரில் காமராஜர் படம் மாட்டியிருந்தால் அவரையும் ஒரு மாணவராக எண்ணிவிடும். கிடைத்த முகங்களில் பெரியதை மட்டும் எடு என்று ஒரு வரி சேர்த்தால் சரியாகிவிடும். இன்னொன்று, அது காட்டும் சதுரம் நெற்றியிலிருந்து தாடை வரைதான். அதை அப்படியே வெட்டினால் ரிப்பன் கட்டிய இரட்டைச் சடையும், தலையில் வைத்த பூவும், ஹிஜாபின் மேல் பகுதியும் போய்விடும். சதுரத்துக்கு மேலேயும் பக்கங்களிலும் தாராளமாக இடம் விடுங்கள். எல்லோருடைய கண்ணும் ஒரே உயரத்தில் இருந்தால் பக்கம் தானாக ஒழுங்காகத் தெரியும். 3.5-க்கு 4.5 செ.மீ. படத்துக்கு 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) 413-க்கு 531 பிக்சல் வேண்டும். அதற்குக் குறைந்த படம் வந்தால் நிரல் எனக்கு ஒரு பட்டியல் போட்டுக் கொடுக்கும்.

முகத்தை வெளுப்பாக்கும் ஆக்‌ஷனை மொத்தப் படத்துக்கும் ஓட்டுகிற பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். வெள்ளைச் சட்டையைப் பார்த்துக் கேமரா மொத்தப் படத்தையும் இருட்டாக்கியிருந்தால் வெளிச்சத்தைச் சரிசெய்யுங்கள், அது நியாயம். பிள்ளையின் நிறத்தை மாற்ற நமக்கு உரிமை இல்லை.

தமிழாசிரியை, திருநெல்வேலி மாவட்டம்

சார் எழுதியதைப் படித்ததும் எங்கள் பள்ளியில் நடந்தது நினைவுக்கு வந்தது. மலர்க் குழு பொறுப்பு என்னிடம்தான் இருக்கிறது. பெயர்ப் பட்டியலை அகர வரிசையில் போட வேண்டும் என்று சொல்லியிருந்தேன். வந்த புரூஃபில் கணேசன் முதலிலும் கண்ணன் பிறகும் இருந்தார்கள். ண் முன்னால் வர வேண்டும், ணே பின்னால் வர வேண்டும், ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கே தெரியும். கணினி தானாகப் போட்டது என்று அச்சகத்தில் சொன்னார்கள். தமிழ் மலரில் தமிழ் வரிசை தப்பாக வரலாமா? நான் விடவில்லை, முழுப் பட்டியலையும் திருத்தி அனுப்பினேன்.

அதைவிடப் புதிராக இருந்தது கௌதம். எங்கள் பள்ளியில் கௌதம் என்ற பெயரில் பலர் உண்டு. சிலர் சரியான இடத்தில் இருந்தார்கள், சிலர் கெ வரிசைக்குப் போயிருந்தார்கள். பார்த்தால் எழுத்து ஒன்றுபோலத்தான் இருக்கிறது. தட்டச்சு செய்தவர் சிலருக்கு ஔகார உயிர்க்குறியைப் போடாமல், ஒற்றைக் கொம்பு போட்டுப் பக்கத்தில் ளகரத்தை அடித்திருக்கிறார்.

இன்னொரு விஷயம், ஒப்புதல். 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்கு உட்பட்டவர்களின் தரவுக்குப் பெற்றோர் சம்மதம் கேட்கிறது. நாங்கள் ஆண்டுத் தொடக்கத்திலேயே பெற்றோரிடம் கையொப்பம் வாங்கிவிடுகிறோம். படங்களைக் கண்ட கண்ட இணையத்தளங்களில் ஏற்றி வெட்டவும் பின்னணி நீக்கவும் வேண்டாம் என்று வடிவமைப்பவரிடமும் சொல்லிவிடுவோம். சொந்தக் கணினியில் செய்ய முடிகிற வேலை அது.

ஒரு கேள்வி சார். படம் எடுத்த அன்று வராத பிள்ளைகளுக்கு என்ன செய்கிறீர்கள்? எங்கள் பழைய மலர்களில் அந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு தலை வரைந்து போட்டிருப்பார்கள். எனக்கு அது பிடிக்கவே இல்லை.

ஸ்டுடியோ வைத்திருப்பவர், கும்பகோணம்

அண்ணே, க்யூஆர் சீட்டு யோசனை நல்லா இருக்கு. நாங்கள் சிலேட்டில் சேர்க்கை எண் எழுதிப் பிடிக்க வைத்தோம், ஆனால் அதை அப்புறம் ஒருவர் உட்கார்ந்து பார்த்துத் தட்ட வேண்டியிருந்தது.

படம் எடுக்கிறவர்கள் பக்கத்திலிருந்து சில விஷயம். கேமரா தருகிற கோப்புப் பெயரை வைத்து வரிசைப்படுத்தாதீர்கள். 9999-க்கு அப்புறம் எண் மறுபடி 0001-க்குப் போய்விடும். பெரிய பள்ளியில் படம் எடுக்கும்போது நடுவில் இது கட்டாயம் நடக்கும். படத்துக்குள் பதிந்திருக்கும் எடுத்த நேரத்தைப் பயன்படுத்துங்கள். இரண்டு கேமரா வைத்து எடுத்தால் காலையில் முதல் வேலையாக இரண்டின் கடிகாரத்தையும் ஒன்றாக்குங்கள். இல்லாவிட்டால் ஒரு கேமராவின் சீட்டுக்கு இன்னொரு கேமராவின் முகம் போய் ஒட்டிக்கொள்ளும். கேமராவுக்கு ஒரு கோப்புறை என்று பிரித்தே வைத்துவிட்டால் இன்னும் நல்லது.

வாட்ஸ்அப்பில் படம் கேட்காதீர்கள். அளவையும் சுருக்கிவிடும், எடுத்த நேரத் தகவலையும் அழித்துவிடும். அனுப்பியே ஆக வேண்டும் என்றால் டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

பெற்றோர் தன்னார்வலர், நியூஜெர்சி

என் பெண் படிக்கும் தொடக்கப் பள்ளியில் இயர்புக் குழுவில் உதவி செய்கிறேன். இங்கே இந்த வேலை பெரும்பாலும் தானாகவே நடக்கிறது. பள்ளிக்குப் படம் எடுக்கும் நிறுவனம் படங்களோடு ஒரு பட்டியல் கோப்பும் தரும். படக் கோப்பின் பெயர், வகுப்பு, குடும்பப் பெயர், முதல் பெயர் எல்லாம் அதில் இருக்கும். இயர்புக் மென்பொருளில் ஏற்றினால் வகுப்பு வகுப்பாகப் பக்கங்கள் நிரம்பிவிடும். தவறவிட்டவர்களுக்கு மறுபடி படம் எடுக்க ஒரு நாள் உண்டு. அப்போதும் வராதவர்களின் பெயர் மட்டும் பக்கத்தின் அடியில் தனிப் பட்டியலாக வரும்.

சிக்கல் எல்லாம் நம் பெயர்களில்தான். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் காலியாக இருந்தால், அமெரிக்க விசாவில் இருக்கிற ஒரே பெயரைக் குடும்பப் பெயராக்கிவிட்டு, முதல் பெயர் இடத்தில் எஃப்என்யு என்று போடுவார்கள். முதல் பெயர் தெரியவில்லை என்பதற்கான சுருக்கம். அது அப்படியே பள்ளிப் பதிவேட்டுக்குப் போய், அங்கிருந்து இயர்புக்குக்கும் வந்துவிடும். ஒரு தமிழ்க் குழந்தையின் சிரித்த முகத்துக்குக் கீழே அந்த மூன்று எழுத்தை நானே பார்த்தேன். அச்சுக்குப் போகும் முன் பிடித்ததால் தப்பித்தது. அந்தக் குழந்தையின் அம்மா எனக்குத் தெரிந்தவர், அவரிடம் கேட்டுச் சரியான பெயரைப் போட்டோம். அதிலிருந்து பக்கம் நிரம்பியதும் நான் முதலில் தேடுவது அந்த மூன்று எழுத்தைத்தான்.

இங்கே ஃபெர்ப்பா என்று 1974-இல் வந்த கல்விப் பதிவுச் சட்டம் இருக்கிறது. படமும் இயர்புக்கும் வேண்டாம் என்று பெற்றோர் எழுதிக் கொடுக்கலாம். அப்படிக் கொடுத்த குழந்தைகளுக்குப் பட்டியலில் ஒரு பத்தி ஒதுக்கி 'வேண்டாம்' என்று குறித்துவிடுவோம், மென்பொருளில் ஏற்றும் முன்பே அந்த வரிகளை எடுத்துவிடுவோம். ஏற்றிய பிறகு தேடித் தேடி நீக்கினால் ஒன்றாவது விடுபட்டுவிடும். அந்தப் பெற்றோருக்கு அது பெரிய விஷயமாக இருக்கலாம், காரணத்தை நாம் கேட்கவும் கூடாது.

பக்க வடிவமைப்பாளர், மதுரை

டீச்சர், கணேசன் முன்னால் போனதற்குக் காரணம் புள்ளி. கணினியில் ஒவ்வொரு எழுத்துக்கும் குறிக்கும் ஓர் எண் கொடுக்கிற யூனிகோட் முறையில் புள்ளிக்கான எண் மற்ற உயிர்க்குறிகளை விடப் பெரியது. வெறும் எண்ணைப் பார்த்து வரிசைப்படுத்தினால் ணே முன்னால் வரும், ண் பின்னால் போகும். ஜகரமும் அப்படித்தான், சகரத்தை அடுத்து வந்து உட்கார்ந்துகொள்ளும். பைத்தானில் ஐசியு என்ற மொழிவாரி வரிசை தெரிந்த நிரல் தொகுப்பைச் சேர்த்துத் தமிழ் என்று குறிப்பிட்டால் கண்ணன் தன் இடத்துக்கு வந்துவிடுவான்.

கௌதமுக்கு வழி, பட்டியல் வந்ததுமே அதை ஒருமுறை சல்லடையில் சலிப்பது. மெய்யெழுத்து, ஒற்றைக் கொம்பு, ளகரம் என்று சேர்ந்து வருகிற பெயர்களை நிரல் எடுத்துக் காட்டும், கண்ணால் பார்த்துத் திருத்துவேன். தானாக மாற்றவிடுவதில்லை, ஏனென்றால் கெளரி தவறாக இருக்கும், கெளுத்தி சரியாக இருக்கும். ஸ்ரீதர், ஸ்ரீவித்யா பெயர்களையும் பாருங்கள். 2005-இல் யூனிகோடில் ஶகரம் சேர்ந்த பிறகு ஸ்ரீ என்ற எழுத்தை இரண்டு விதமாக அடிக்க முடிகிறது. பார்வைக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. படக் கோப்புக்குத் தமிழில் பெயர் வைத்திருந்தால் பழைய மேக் கணினிகள் கொகரத்தைக் கொம்பு, கால் என்று பிரித்து வைத்துக்கொள்ளும், விண்டோஸில் பொருந்தாது. சேர்க்கை எண்ணையே பிடித்துக்கொண்டிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கட்டணம் கட்டி மென்பொருள் வாங்க முடியாத பள்ளிகள் ஸ்கிரைபஸ் என்ற இலவசப் பக்க வடிவமைப்பு மென்பொருளைப் பாருங்கள். 2024 ஜனவரியில் வந்த 1.6 பதிப்பில் தமிழ் ஒழுங்காக வருகிறது, பைத்தான் நிரலும் உள்ளேயே ஓடும். குரோம் உலாவியில் வலைப்பக்கமாகக் கட்டம் கட்டிப் பிடிஎஃப் எடுக்கும் வழியிலும் எழுத்து உடையாது. ஆனால் நிறம் திரைக்கான ஆர்ஜிபியாக இருக்கும், அச்சகத்துக்குக் கொடுக்கும் முன் அச்சு மைக்கான சிஎம்ஒய்கேக்கு மாற்றிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பக்கம் கட்டி முடித்ததும் வகுப்புக்கு ஒரு பிரதி அச்சிட்டு, வகுப்பாசிரியரிடம் கொடுத்து, ஒவ்வொரு முகத்துக்கும் பேனாவால் டிக் போட்டுக் கையொப்பம் இடச் சொல்வேன். திரையில் காட்டினால் வேகமாகத் தள்ளிக்கொண்டு போய்விடுகிறார்கள். பிள்ளைகளையே பார்க்க விட்டாலும் நல்லது, ஒரு நிமிடத்தில் தப்பைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

வராத பிள்ளை பற்றிக் கேட்டீர்கள். அந்தச் சாம்பல் தலை எனக்கும் ஆகாது. பட்டியலில் 'நிலை' என்று ஒரு பத்தி வைத்திருக்கிறேன்: படம் உண்டு, வரவில்லை, பெற்றோர் வேண்டாம் என்றார், மாற்றுச் சான்றிதழ் வாங்கிவிட்டார். கடைசி இரண்டுக்கும் கட்டம் வராது. 'வரவில்லை' என்று இருந்தால் பெயர் எழுதிய கட்டம் நிற்கும், அந்தப் பிள்ளைகளின் பட்டியல் தனியாக உங்களுக்கு வரும். அச்சுக்குப் போகும் காலை வரை படத்தை வாங்குங்கள். பள்ளி வராந்தாவில் நல்ல வெளிச்சத்தில் போனில் எடுத்தாலும் போதும், சேர்க்கை எண்ணைப் பெயராக வைத்துக் கோப்புறையில் போடுங்கள். நிரலை மறுபடி ஓட்டினால் அந்தக் கட்டம் நிரம்பிவிடும், மற்றவர்கள் யாரும் இடம் மாற மாட்டார்கள்.