கனடா விசாவும் சார்த்தரின் மாணவனும்

வெள்ளவத்தைக்காரன்:
கனடா வேலை விசா வந்துவிட்டது. அம்மா இராமகிருஷ்ண வீதித் தொடர்மாடியில் தனியாக இருக்க வேண்டிவரும். லிஃப்ட் பாதி நாள் ஓடாது. மாமா "எல்லாம் விதிப்படி" என்கிறார். 1945இல் பாரிஸ் உரையில் பிரெஞ்சுத் தத்துவவாதி சார்த்தர் இதே சிக்கலில் நின்ற ஒரு மாணவனைப் பற்றிச் சொல்கிறார். அந்த மாணவனின் அண்ணன் 1940இல் போரில் இறந்துவிட்டான். தாயோடு இருப்பதா, இங்கிலாந்து போய் ஜெர்மனியரை எதிர்த்த சுதந்திர பிரெஞ்சுப் படையில் சேர்வதா? "நீ சுதந்திரமானவன், தேர்ந்தெடு" என்றாராம் சார்த்தர். இது கைகழுவல் இல்லையா?

கொட்டாஞ்சேனை அக்கா:
இல்லைத் தம்பி. யாரிடம் யோசனை கேட்பது என்பதையே நாம்தான் தேர்கிறோம் என்றும் அங்கேயே சொல்கிறார். மாமா என்ன சொல்வார் என்று தெரிந்துதானே போனீர்கள்? (விதி பேசுகிறவர்கள் சீட்டுக்காசில் மட்டும் ஒரு சதம் விடமாட்டார்கள்.)

தெகிவளை வாசகன்:
சார்த்தர் சரி, வாடகை யார் கட்டுவது? சார்த்தரின் துணைவியும் தத்துவவாதியுமான சிமோன் த பூவா 1947இல் எழுதியதையும் பாருங்கள்: என் சுதந்திரம் மற்றவரின் சுதந்திரத்தையும் வேண்டி நிற்கிறது. அம்மாவைக் கேட்டீர்களா?

வெள்ளவத்தைக்காரன்:
ஓம். "உன் விருப்பம்" என்றார். அவரும் சார்த்தர் கட்சி போல.

கொட்டாஞ்சேனை அக்கா:
அது கோபம். திரும்பக் கேளுங்கள்.