ஃபெடோராவோடு சுழலும் ஜிஃப்: தலை அலைவதை எப்படி நிறுத்துவது?

நண்பர்களே, புதிதாக வாங்கிய சாம்பல் நிற ஃபெல்ட் ஃபெடோராவைக் காட்ட, அதைப் போட்டுக்கொண்டு நானே ஒரு முழுச் சுற்று சுற்றுகிற மாதிரி ஜிஃப் செய்துகொண்டிருக்கிறேன். இந்தத் தொப்பி ஒரே படத்தில் பிடிபடாது. உச்சியில் முன்பக்கம் இருபுறமும் கிள்ளிவிட்ட மாதிரி ஒரு மடிப்பு, இடப்பக்கம் ரிப்பன் முடிச்சு, பின்னால் விளிம்பு லேசாக மேலே வளைவது, எல்லாம் திரும்பினால்தான் தெரியும்.

சுழல் நாற்காலியைச் சுற்றித் தரையில் 15 டிகிரிக்கு ஒன்றாக டேப் ஒட்டி, முழங்காலை ஒவ்வொன்றுக்கும் நேராக வைத்து டைமரில் 24 படங்கள். எக்ஸ்போஷர், ஒயிட் பேலன்ஸ், ஃபோகஸ் மூன்றையும் மேனுவலில் பூட்டியாச்சு, இல்லாவிட்டால் படத்துக்குப் படம் நிறம் மாறி மினுக்கும்.

சிக்கல் என்னவென்றால், நாற்காலியின் அச்சும் என் கழுத்தும் ஒரே கோட்டில் இல்லை. ஓட்டிப் பார்த்தால் தலை வட்டமடிக்கிறது, செக்கு மாடு மாதிரி. கிம்ப் என்ற படத்திருத்த மென்பொருளில் லேயர்களை (ஒவ்வொரு படமும் ஓர் அடுக்கு) நகர்த்திச் சரிசெய்யலாம், ஆனால் எதை அடையாளமாக வைப்பது? தொப்பியின் உச்சியே கோணத்துக்குக் கோணம் உருவம் மாறுகிறதே!

அப்புறம், ஜிஃப்பில் ஒரு ஃப்ரேமுக்கு 256 நிறம்தான் என்பதால் சாம்பல் நிழல் பட்டை பட்டையாகத் தெரிகிறது, அதை மறைக்க டிதரிங் (இருக்கிற நிறங்களைப் புள்ளிகளாகக் கலப்பது) போட்டால் புள்ளிகள் ஊர்கின்றன. எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ மாற்றும் கருவியில் எல்லா ஃப்ரேமுக்கும் ஒரே பேலட் (நிறப் பட்டியல்) போடுவதா, பேசாமல் வெப்பி (WebP) என்ற வேறு பட வடிவத்துக்கு மாறிவிடுவதா?

தொப்பியை மட்டும் டர்ன்டேபிளில் வைத்துச் சுற்றச் சொல்லாதீர்கள், முகத்தோடு எப்படி உட்காருகிறது என்பதுதான் விஷயமே. செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.