மறு: எழுத்துகள் இடம் மாறுவதற்கு ஒரு கலைச்சொல்

> ‘ஒலி இடமாற்றம்’ என்றே வைத்துவிடலாமே? எளிமையாக இருக்கிறது.

அன்புள்ள ஐயா,

எளிமைதான். ஆனால் இடமாற்றம் என்றதும் அரசு ஊழியர் மூட்டை கட்டுவதுதான் எனக்கு நினைவுக்கு வருகிறது. நாம் பெயர் தேடுவது ஒரு சொல்லுக்குள் எழுத்துகள் இடம் மாறும் நிகழ்வுக்கு; அதிலோ பெரும்பாலும் இரண்டு பேர் நாற்காலியை மாற்றிக்கொள்கிறார்கள்.

ஸ்பானிய மொழியில் ‘சொல்’ என்பதற்கே வழங்கும் சொல்லைப் பாருங்கள்: பலாப்ரா. மூலம் கிரேக்கப் பரபொலே. ‘பரா’ என்றால் பக்கத்தில், ‘பல்லோ’ என்றால் எறிகிறேன். ஒன்றின் பக்கத்தில் இன்னொன்றைப் போட்டுப் பார்ப்பது, அதாவது ஒப்புமை. இலத்தீன் இதைப் பரபொலா என்று வாங்கிக்கொண்டது. விவிலிய உவமைக் கதைகளுக்கு அதுதான் பெயர். போகப்போகப் பேச்சு, சொல் என்றெல்லாம் பொருள் விரிந்தது. நடுவிலிருந்த உயிர் தேய்ந்து பரப்லா ஆனது. அப்புறம்தான் ரகரமும் லகரமும் இடம் மாறிப் பலாப்ரா. ஆபத்தைக் குறித்த இலத்தீன் ‘பெரிக்குலும்’ பெலீக்ரோ ஆனதும், அற்புதத்தைக் குறித்த ‘மிராக்குலும்’ மிலாக்ரோ ஆனதும் இதே ஆட்டம்தான்.

வேடிக்கை என்னவென்றால், படித்தவர்கள் அதே இலத்தீன் சொல்லைப் பிற்பாடு ஏட்டிலிருந்து இன்னொரு முறை எடுத்தார்கள். அது பராபொலா, உவமைக் கதைக்கும், நாம் பள்ளியில் பரவளையம் என்று படித்த வளைகோட்டுக்கும் பெயர். அதில் எதுவும் கலையவில்லை. வாய்வழி வந்ததுதான் கலைந்தது. ஆகவே பெயரில் ‘ஒலி’ வேண்டும் என்ற உங்கள் வாதம் புரிகிறது. ஆனால் தொல்காப்பியம் முதலே நமக்கு எழுத்து என்பது ஒலியும்தானே?

நம்மிடமும் இது பழைய சரக்கு. வண்டைக் குறிக்கும் ஞிமிறு மிஞிறாகிறது, தசை சதையாகிறது, கிராமத்தில் குதிரை குருதையாகிறது. இதற்கு எழுத்துநிலைமாற்றம் என்ற பெயர் இருக்கும்போது புதிதாக எதற்கு? இலக்கணப்போலி என்றே அழைக்கலாம் என்று எழுதிய நண்பருக்கு: இல்முன் (வீட்டின் முன்புறம்) முன்றில் ஆவதில் சொற்களே முன்பின்னாகின்றன. அது வேறு.

ஒரே சிக்கல், முதலையைக் குறிக்கும் சொல். இலத்தீனில் க்ரொக்கொதீலுஸ், ஸ்பானியத்தில் கொக்கொத்ரீலோ. முதல் அசையிலிருந்த ‘ர்’ மட்டும் தாவித் தகரத்தை ஒட்டிக்கொண்டது. பதிலுக்கு யாரும் அங்கே போகவில்லை. உங்கள் ‘இடமாற்றம்’ இதற்குக் கச்சிதம். எழுத்துநிலைமாற்றத்தைப் பொதுப்பெயராக வைத்து, இதை அதன் உள்வகைக்கு ஒதுக்கலாமா?

குருதை மாதிரி உங்கள் ஊர்ப் பேச்சில் வேறு ஏதும் இருந்தால் எழுதுங்கள்.