'நம்ம வீடு' குழு, ஞாயிற்றுக்கிழமை

பெரியப்பா (6:02)
அனைவருக்கும் இனிய காலை வணக்கம் 🪷

அண்ணி (7:41)
நிலாவுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. வெள்ளிக்கிழமை கோயில் கச்சேரி. நோட்டீஸ் வேறு அடித்துவிட்டார்கள். என்ன செய்யலாம்?

பெரியப்பா (7:43)
சுக்கு, மிளகு, பனங்கற்கண்டு. இரண்டே நாளில் சரியாகிவிடும். பாடட்டும்.

சுமதி அத்தை (7:50)
அண்ணா, எடுத்தவுடன் 'பாடட்டும்' என்று சொல்லாதீர்கள். முதலில் எல்லாரும் இதைப் பாருங்கள்.
(வீடியோ)

நான் (8:05)
என்ன அத்தை இது? ஒரு அம்மா பாடி முடித்துவிட்டுச் சிலை மாதிரி நிற்கிறார். கூட்டம் தட்டிக்கொண்டே இருக்கிறது.

சுமதி அத்தை (8:09)
லியான்டீன் பிரைஸ். ஆப்பரா என்றால் வசனத்தையும் பாட்டாகவே பாடுகிற மேற்கத்திய இசை நாடகம். அதில் இவர் சொப்ரானோ, பெண் குரல்களிலேயே உச்சத்தில் பாடுகிற குரல். 1985 ஜனவரி 3, நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஆப்பராவில் (சுருக்கமாக 'மெட்') 'ஐடா' என்கிற ஆப்பரா. அவர் ஆப்பரா மேடைக்கு விடை சொன்ன இரவு. கதைப்படி ஐடா எத்தியோப்பிய இளவரசி, எகிப்தில் அடிமையாக இருக்கிறாள். நைல் கரையில் நின்று, என் நாட்டை இனி பார்க்கவே மாட்டேன் என்று பாடுகிறாள். பாட்டு முடிந்தும் கைதட்டல் அடங்கவில்லை. ஆனால் கதை இன்னும் முடியவில்லையே, அதனால் கும்பிட மனமில்லாமல் நிற்கிறார். முகத்தை மட்டும் பாருங்கள். அழுகையை விழுங்குவது தெரியும்.

பெரியப்பா (8:12)
மைக் எங்கே?

சுமதி அத்தை (8:13)
மைக்கே கிடையாது அண்ணா. அரங்கில் சுமார் 3,800 இருக்கை. மேடைக்கு முன்னால் பள்ளத்தில் முழு ஆர்க்கெஸ்ட்ரா. அத்தனை வயலினையும் தாண்டிக் கடைசி வரிசைக்குக் குரல் போக வேண்டும்.

பெரியப்பா (8:15)
அடேயப்பா. கிட்டப்பா நாடகத்தில் பாடினால் தெருக்கோடி வரை கேட்கும் என்று அப்பா சொல்வார். அந்த ஜாதிக் குரல்.

கார்த்தி அண்ணா (8:20)
அமெரிக்காவில் ஒரு கறுப்பினப் பெண் அந்தக் காலத்திலேயே இவ்வளவு உயரத்துக்கு வந்தாரா?

சுமதி அத்தை (8:34)
சும்மா வரவில்லை. 1927-ல் மிசிசிப்பி மாநிலத்தில் லாரல் என்கிற சின்ன ஊரில் பிறந்தவர். அப்பாவுக்கு மரம் அறுக்கும் ஆலையில் வேலை. அம்மா மருத்துவச்சி, தேவாலயத்தில் பாடுவார். மகளுக்குப் பியானோ வேண்டும் என்று வீட்டில் இருந்த கிராமபோனைக் கொடுத்து அதையே முன்பணமாக வைத்தார்கள். கேட்கிற பெட்டியைக் கொடுத்து வாசிக்கிற பெட்டி! சின்ன வயதில் கறுப்பினப் பாடகி மரியன் ஆண்டர்சன் பாடுவதை நேரில் கேட்டதும் எண்ணம் உறுதியாகிவிட்டது. அந்த மரியன் ஆண்டர்சனையே மெட் மேடையில் ஏற்ற 1955 ஆயிற்று.

அதே 1955-ல் பிரைஸ் டிவியில் 'டோஸ்கா' என்கிற ஆப்பராவில் பாடினார். தெற்கு மாநிலங்களில் சில நிலையங்கள் அதை ஒளிபரப்பவே மறுத்துவிட்டன.

நான் (8:37)
அப்புறம் மெட்?

சுமதி அத்தை (8:46)
அங்கேதான் விஷயம். மெட் முதலில் அவரை 'ஐடா'வுக்குத்தான் கூப்பிட்டது. வேண்டாம் என்றுவிட்டார். அவரை டிவிக்குக் கொண்டுவந்த பீட்டர் ஹெர்மன் ஆட்லர் சொன்ன யோசனை அது: அந்த மேடையில் முதல் தடவை கால் வைக்கும்போது சீமாட்டியாக வை, அடிமை வேடத்தில் வேண்டாம். மெட் கூப்பிட்டு யார் மறுப்பார்கள்? இவர் மறுத்தார். வியன்னா, மிலன் என்று பாடிக்கொண்டிருந்தார். 1961 ஜனவரி 27-ல் 'இல் ட்ரோவடோரே'யில் லியோனோரா, அதாவது ஒரு சீமாட்டி. முடிந்ததும் 40 நிமிடத்துக்கு மேல் கைதட்டினார்களாம்.

முதலில் மறுத்த அந்த ஐடாவைத்தான் 1985-ல் கடைசி வேடமாக அவரே எடுத்துக்கொண்டார். இப்போது மறுபடி வீடியோவைப் பாருங்கள்.

அண்ணி (8:51)
அத்தை, கண் கலங்கிவிட்டது. ஆனால் நிலா விஷயம்?

சுமதி அத்தை (8:58)
அதற்குத்தான் வருகிறேன். அதே 1961 அக்டோபரில் மெட் பருவத்தைத் தொடங்கி வைத்ததும் இவர்தான். பூச்சினியின் ஆப்பரா, குரலை உறிஞ்சி எடுக்கிற வேடம். இரண்டாவது தடவை பாடும்போது நடுவிலேயே குரல் போய்விட்டது. மீதியை வசனம் மாதிரிப் பேசித்தான் அந்த அங்கத்தை முடித்தார். மூன்றாம் அங்கத்துக்கு வேறு பாடகி வந்தார். அதன்பின் ஓய்வு. அவருக்கே அந்தக் கதி. நிலாவுக்கு வயது பதினாறு.

கார்த்தி அண்ணா (9:01)
அம்மணி அதோடு பயந்துவிடவில்லையே?

சுமதி அத்தை (9:06)
பயமா? 1966-ல் நியூயார்க் லிங்கன் சென்டரில் மெட்டின் புது அரங்கம் திறந்தபோது முதல் ஆப்பராவின் கிளியோபாட்ரா அவர்தான். ஒத்திகையில் பிரமிடு செட்டுக்குள்ளேயே மாட்டிக்கொண்டார். மேடையைச் சுழற்றும் யந்திரமும் பழுதாகிவிட்டது. செட் மானத்தை வாங்கியது, குரல் காப்பாற்றியது 😄
வேடத்தைத் தேர்ந்தெடுத்து, நிறுத்தி நிதானமாகப் பாடியதால் 2001-ல், 74 வயதில், செப்டம்பர் 11 தாக்குதலில் இறந்தவர்களுக்கான நிகழ்ச்சிக்காக நியூயார்க் கார்னகி ஹாலில் மறுபடி எழுந்து நின்று பாட முடிந்தது.

நிலா (9:15)
சுமதிப் பாட்டி, நான் பாடவில்லை. தம்புரா மட்டும் போடுகிறேன். எனக்குப் பதில் சுருதி அக்கா பாடட்டும். மூன்றாம் அங்கத்துக்கு வேறு பாடகி 🙈

அண்ணி (9:19)
கோயிலுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டேன். முதலில் முகம் சுளித்தார்கள். தம்புராவுக்கு ஆள் இல்லாமல் இருந்ததாம், அதனால் சரி என்றார்கள்.

பெரியப்பா (9:24)
எல்லாம் சரி, அந்த அம்மா கடைசியில் கும்பிட்டாரா இல்லையா? என் போனில் பாதியிலேயே சுற்றிக்கொண்டு நிற்கிறது. யாராவது பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.