துபாயில் நாலு நாள்: அம்மாவோட எங்க சாப்பிடலாம்?

ராமகிருஷ்ண வீதி:
வணக்கம். டிசம்பர் முதல் கிழமை துபாய் போறம். அம்மா, நான், மனுசி, ரெண்டு பிள்ளையள். அம்மா சுத்த சைவம். நாங்கள் மச்சம் சாப்பிடுவம், வெள்ளிக்கிழமை மட்டும் இல்லை.

அப்பா 83 ஆடிக்குப் பிறகு அங்க போய், சத்வாவில ஒரு கராஜில எட்டு வருசம் வேலை செய்தவர். வெள்ளவத்தைக்கு வந்த நீலக் கடிதங்கள் எல்லாத்திலயும் ஒரு பாகிஸ்தான்காரற்ற கடையும், பருப்பும் ரொட்டியும் வரும். கடைப் பேர் எழுதேல்லை. அப்பா போய் ஆறு வருசம். அம்மா அந்தக் கடிதங்களை இப்பவும் பிஸ்கட் டின்னுக்குள்ள வைச்சிருக்கிறா. அவர் சாப்பிட்ட பக்கமாவது ஒருக்கா இருந்து சாப்பிடோணும் எண்டு அவவுக்கு ஆசை.

தேடினால் புர்ஜ் கலீஃபா தெரியிற மேசையும் தங்கம் தூவின கோப்பியும்தான் வருது. அங்க இருந்தவை ஆராவது சொல்லுங்கோ.

கொட்டாஞ்சேனைக்காரி:
தம்பி, நான் கராமாவில பதினொரு வருசம் கணக்கு வேலை பார்த்தனான். உங்கட கேள்வியை ரெண்டு தரம் வாசிச்சன்.

சத்வாவில ரவி ரெஸ்டாரன்ட் எண்டு ஒண்டு இருக்கு. 1978இல தொடங்கின பாகிஸ்தான் கடை. அப்பா எழுதினது அதைத்தான் எண்டு சத்தியம் பண்ணேலாது, ஆனால் அவர் இருந்த காலம் அந்தக் கடை அங்க இருந்தது. 2022இல அடிடாஸ் இந்தக் கடைப் பேரில சப்பாத்துக்கூட விட்டது. அப்பிடிப் பேர் எடுத்தும் நடைபாதையில மேசை போட்டுத்தான் சாப்பாடு. பின்னேரம் ஏழு மணிக்குப் போங்கோ. துபாய் எங்களை விட ஒண்டரை மணித்தியாலம் பின்னுக்கு, அம்மாவின்ர வயித்துக்கு அப்ப எட்டரை. வெளி மேசையில இருங்கோ, டிசம்பரில நல்ல குளிர்ச்சியான காத்து. அம்மாவுக்குப் பருப்பும் சூடான ரொட்டியும், உங்களுக்கு ஆட்டிறைச்சி. உடைஞ்ச கதிரை, வாகனப் புகை, பக்கத்து மேசையில பிந்தி வேலை முடிஞ்சு வந்த பெடியள். எனக்குத் துபாய் எண்டால் அதுதான்.

மற்ற நாளில அம்மாவுக்குக் கராமா போதும். சரவண பவன் இருக்கு, தோசையும் சாப்பாடும் எங்கட நாக்குக்குக் கிட்ட. கேரளக் கடைகளில இடியப்பம் கிடைக்கும், ஆனால் சொதியை எதிர்பாராதேங்கோ, முட்டை ரோஸ்டோடதான் கூடுதலாச் சாப்பிடுவினம்.

வெள்ளிக்கிழமைக்கு இதைச் செய்யுங்கோ: புர் துபாயில இருந்த பழைய சிவன் கோயில் 2024 தையில மூடிப்போச்சு, பழைய ஆக்களிட்டக் கேட்டுக்கொண்டு அங்க போய் அலையாதேங்கோ. ஜெபல் அலியில 2022இல திறந்த பெரிய கோயிலுக்குப் போங்கோ. பக்கத்தில சீக்கியரின்ர குருத்வாரா. ஆர் போனாலும் இலவசமாச் சைவச் சாப்பாடு தருவினம். தலையை மூடிக்கொண்டு, எல்லாரோடயும் நிலத்தில இருந்து சாப்பிடோணும். முழங்கால் ஏலாத ஆக்கள் எண்டால் முதலே சொல்லுங்கோ. நான் வேலையில்லாமல் இருந்த மூண்டு மாசமும் வெள்ளிக்கு வெள்ளி அங்கதான். சாப்பிட்டு எழும்பினால் ஒரு கோப்பையாவது கழுவிப்போட்டுத்தான் வருவன்.

கோபுரக் கட்டடங்களுக்குப் போனால் தண்ணி கேக்கேக்க விலையையும் கேளுங்கோ. ஒரு இடத்தில தண்ணிப் போத்திலுக்கே எனக்கு ஒரு நாள் சாப்பாட்டுக் காசு போனது.

மருதானை நானா:
அக்கா சொன்னது சரி. மீனுக்கு ஒண்டு சேர்க்கிறன்: உம்மு சுகைம் மீன்பிடித் துறைமுகத்துப் பக்கம் பூ கதைர் எண்டு ஒரு மீன் கடை. அண்டைக்கு வந்த மீனை மசாலா பூசிப் பொரிச்சு, குழம்பும் பரோட்டாவும் தருவாங்க. அறுக்குளா இருந்தா விட வேணாம். வரிசை நீளம், பசிக்க முந்தியே போங்க.

காலையில அல் ஃபஹீதி பழைய தெருவில அரேபியன் டீ ஹவுஸ். றகாக் எண்டு கடதாசி மாதிரி மெல்லிசா ஒரு ரொட்டி இருக்கு. அதுல மஹ்யாவா பூசுவாங்க, அது மீன்ல செஞ்ச சாறு, அம்மாவுக்கு வேணாம்னு முதல்லயே சொல்லிடுங்க. பிள்ளைகளுக்கு லுகைமாத், பேரீச்சம் பாணி ஊத்தின உருண்டை. அங்கருந்து நடந்து போய் அப்ரா வள்ளத்தில ஏறுங்க, ஆளுக்கு ஒரு திர்ஹம்தான். அக்கரையில தெய்ரா.

இன்னொண்டு, வெள்ளி ஜும்ஆத் தொழுகை நேரம் சின்னக் கடைகள் பூட்டியிருக்கும்.

ராமகிருஷ்ண வீதி:
ரெண்டு பேருக்கும் பெரிய நன்றி. போய் இறங்கின அண்டு பின்னேரமே சத்வா. அக்கா, அந்தப் பருப்பில இறைச்சி சேராதே? அம்மா திருப்பித் திருப்பிக் கேக்கிறா.

கொட்டாஞ்சேனைக்காரி:
ஓடர் குடுக்கேக்க “கோஷ்த் நஹீ” எண்டு சொல்லுங்கோ. இறைச்சி வேண்டாம் எண்டு விளங்கும். கரண்டியும் வேற போடச் சொல்லுங்கோ. அம்மாவே சொல்லட்டும், வயசான ஆக்கள் சொன்னால் கூடக் கவனிப்பினம்.

ராமகிருஷ்ண வீதி:
வாசிச்சுக் காட்டினன். கொப்பியில எழுதி வைச்சிட்டா. டின்னுக்குள்ள இருந்து ஒரு கடிதத்தையும் எடுத்து பாஸ்போட்டுக்குள்ள வைச்சிருக்கிறா.