குடும்பக் குழு: அச்சு வர்றதுக்கு முன்னாடி ஜெராக்ஸ்

கார்த்தி: பெரியப்பா, 13ஆம் நூற்றாண்டு பாரிஸ்ல மாணவர்களுக்குப் புத்தகம் எங்கேருந்து வந்துச்சு? மடத்துல எழுதிக் கொடுத்தாங்களா?

பெரியப்பா: மடம் பெரும்பாலும் தன் அலமாரிக்குத்தான் எழுதும்டா. பல்கலைக்கழகம் வளர்ந்ததும் எழுத்து வேலை கடைத்தெருவுக்கு வந்துடுச்சு. நோத்ர தாம் தேவாலயத்துக்கு எதிர்ல ஒரு தெரு, ஆத்துக்குத் தெற்கே சேன் ஜாக் தெரு. அங்கே கடை போட்டவனுக்குப் பேர் ஸ்டேஷனாரியுஸ். நம்ம ஸ்டேஷனரி கடைக்கு அந்தப் பேர்தான்.

கார்த்தி: விற்பானா?

பெரியப்பா: முக்கியமா வாடகை. மூலப் பிரதியைத் தைக்காம, துண்டு துண்டா வச்சிருப்பான். ஒரு துண்டு பெசியா. பெரும்பாலும் 4 தாள், அதாவது 8 பக்கம். ஒண்ணை எடுத்துட்டுப் போய் எழுது, திருப்பிக் கொடு, அடுத்ததை எடு.

பெரியப்பா: கணக்குக்கு 50 துண்டுள்ள புத்தகம், எழுத 6 மாசம்னு வை. முழுசா ஒருத்தன்கிட்ட கொடுத்தா வருஷத்துக்கு 2 பிரதிதான். பிரிச்சுட்டா ஒரே நேரத்துல 50 பேர் கையில இருக்கும்.

கார்த்தி: எழுதறவன் வேகம் அதேதானே?

பெரியப்பா: அதேதான். வரிசையில நிக்கிற நேரம்தான் மிச்சம்.

மைதிலி அத்தை: அண்ணா, இத்தாலியில இருக்கிற பொலோன்யா பல்கலைக்கழகத்து அளவையும் சொல்லுங்க. ஒரு பெசியாவுக்கு 16 பத்தி (பக்கத்துல செங்குத்தா ஓடுற வரிசை), பத்திக்கு 62 வரி, வரிக்கு 32 எழுத்துன்னு விதியே இருந்துச்சு.

கார்த்தி: 31,744 எழுத்து!

மைதிலி அத்தை: ம். வாடகையும் எழுதறவன் கூலியும் துண்டுக் கணக்கு. அளவு சுருங்கினா காசு கொடுத்தவனுக்கு நஷ்டம், அதான் கறார். மூலத்துல பிழை இருக்கான்னு பார்க்க அங்கே 6 பேர் கொண்ட குழு.

பெரியப்பா: பாரிஸ்லயும் வாடகையைக் கடைக்காரன் இஷ்டத்துக்கு வைக்க முடியாது. பல்கலைக்கழகம் நிர்ணயிச்ச 1304 பட்டியல் இன்னும் இருக்கு, அதுல கிறிஸ்தவ இறையியலாளர் தாமஸ் அக்வினாஸ் நூல்களும் உண்டு. அவர் இறந்தது 1274.

சித்தி: காலங்காத்தால ஐரோப்பா போயாச்சா 😄

கார்த்தி: சித்தி, பரீட்சைக்கு! அத்தை, தாள்னா காகிதமா?

மைதிலி அத்தை: தோல். சுண்ணாம்புத் தண்ணியில ஊற வச்சு, முடி சுரண்டி, ஈரமாவே சட்டத்துல இழுத்துக் கட்டி, பிறைக் கத்தியால சீவுவாங்க. கயிறு தோலைக் கிழிக்காம இருக்க, ஓரத்துல கூழாங்கல்லைப் பொதிஞ்சு அதுமேல முடிச்சு. சீவும்போது கத்தி லேசா பட்டாலும் இழுவையில அது முட்டை வடிவ ஓட்டையாயிடும். எழுதறவன் ஓட்டையைச் சுத்தி எழுதிட்டுப் போவான்.

மைதிலி அத்தை: மை நம்ம நாட்டுமருந்துக் கடைச் சரக்குதான்: மாசிக்காய், அன்னபேதி (இரும்பு உப்பு), பிசின். எழுதும்போது வெளிறித் தெரியும், காத்து பட்டுக் கறுக்கும். அன்னபேதி கூடிப்போனா நாளாவட்டத்துல எழுத்து இருக்கிற இடமே அரிச்சுடும்.

கார்த்தி: பாவம். வாத்தியார் மெதுவா சொல்லச் சொல்ல எழுதிக்கலாமே.

பெரியப்பா: அதுக்கும் 1355ல தடை! கலைப்புல ஆசிரியர்கள் மாணவர் எழுதிக்கிற வேகத்துல சொல்லக்கூடாதுன்னு பாரிஸ்ல விதி போட்டாங்க. கூச்சல் போட்டாலோ கல்லெறிஞ்சாலோ தண்டனைன்னும் சேர்த்தே எழுதியிருக்காங்க 😂

கார்த்தி: பெசியாவுல சிக்கலே வராதா?

மைதிலி அத்தை: நிறைய. 7ஆம் துண்டை வேற யாரோ எடுத்துட்டுப் போயிருப்பான். இவன் 7க்கு இடம் விட்டுட்டு 8ஐ எழுதுவான். விட்ட இடம் பத்தலைன்னா, அப்புறம் 7ஐ நுணுக்கி நுணுக்கித் திணிக்கணும். அதிகமா விட்டிருந்தா வெள்ளையாக் கிடக்கும்.

பெரியப்பா: அதைவிடப் பெரிய வம்பு, கடையில ஒரே நூலுக்கு ரெண்டு செட் இருந்தா. 1 முதல் 10 வரை ஒரு செட்லயும் மீதி இன்னொண்ணுலயும் எழுதியிருப்பான். தேய்ஞ்ச துண்டை மட்டும் புதுசா எழுதிச் சொருகியிருப்பாங்க. ஒரே பிரதியில பாதி சுத்தம், பாதி பிழை. அதனால இன்னிக்கு அந்த நூல்களைப் பதிப்பிக்கிறவங்க பிரதிகளைத் துண்டு துண்டாத்தான் ஒப்பிடணும்.

கார்த்தி: துண்டு எங்கே மாறுதுன்னு எப்படித் தெரியும்?

மைதிலி அத்தை: ஓரத்துல சின்னதா துண்டு எண் போட்டிருப்பான். கூலி கணக்குக்கும் அது உதவும். சிலதுல அந்த இடத்துல மை நிறம் மாறும், எழுத்து அளவும் மாறும்.

கார்த்தி: வெள்ளையா விட்ட இடம்? வாங்கறவன் ஏதோ காணோம்னு சண்டைக்கு வரமாட்டானா?

மைதிலி அத்தை: அதுக்குத்தான் அங்கேயே லத்தீன்ல ஒரு வரி எழுதி வச்சாங்க: ஹிக் நிஹில் டெஃபிசிட். ‘இங்கே எதுவும் விட்டுப்போகல.’