டப்ளினிலிருந்து ரிங்காஸ்கிடி ஃபெர்ரிக்கு: கார்க் தாண்டி அந்தக் கடைசி என்28 ரோடு எப்படி?

கேள்வி (லிஃபிக்கரை):
வணக்கம். ஜூலையில் ஒரு சனிக்கிழமை அயர்லாந்தின் கார்க்கிலிருந்து பிரான்ஸின் ரோஸ்காஃப் போகும் கப்பலில் காருடன் டிக்கெட் போட்டிருக்கிறோம். பெரியவர்கள் இருவர், குழந்தைகள் இருவர், கூரையில் ரூஃப் பாக்ஸ். டப்ளின் முதல் கார்க் வரை மோட்டார்வே என்பதால் கவலை இல்லை. அதன்பிறகு கப்பல் கிளம்பும் ரிங்காஸ்கிடி துறைமுகம் வரைக்கும் என்28 என்ற ஒரே ரோடுதான், அதிலும் வேலை நடக்கிறது என்கிறார்கள். எங்கே திரும்ப வேண்டும், எவ்வளவு நேரம் கையில் வைத்துக்கொள்ள வேண்டும்? மனைவி லேர்னர் பெர்மிட்டில் இருக்கிறார், கொஞ்ச தூரம் அவர் ஓட்டலாமா? இந்திய பாஸ்போர்ட்டுக்கு ஏதாவது தனியாகப் பார்க்க வேண்டுமா?

பதில் 1 (லீ நதி):
வழியைச் சொல்கிறேன். டப்ளினிலிருந்து எம்7, போர்ட்லீஷ் தாண்டி 19ஆம் ஜங்ஷனில் எம்8 பிரியும். டோல் இரண்டு இடத்தில்: போர்ட்லீஷ் பக்கம் ஒன்று, ஃபெர்மாய் பக்கம் ஒன்று. இரண்டிலும் நின்று கட்ட வேண்டும். எம்50இல் (டப்ளின் சுற்றுச்சாலை) ஏறி வந்தால் அங்கே தடுப்பே இருக்காது. அதற்கு மறுநாள் இரவு 8 மணிக்குள் ஆன்லைனில் கட்டியாக வேண்டும். கப்பல் ஏறும் அவசரத்தில் பலரும் மறப்பது இதைத்தான்.

எம்8 முடிகிற இடம் 'டன்கெட்டில்' என்ற பெயருள்ள ஜங்ஷன். முன்பு சிக்னலோடு கூடிய பெரிய ரவுண்டானா. இப்போது மாற்றிக் கட்டி, 2024இல் வேலை முடிந்து, ஒவ்வொரு திசைக்கும் தனித்தனி லேன் ஓடுகிறது. வண்டியில் பழைய மேப் இருந்தால் அது இன்னும் ரவுண்டானாவையே காட்டி 'இரண்டாவது வெளிவழி' என்று குழப்பும். கிளம்பும் முன் மேப்பைப் புதுப்பித்துவிடுங்கள். போர்டில் என்40 (கார்க்கின் தெற்குச் சுற்றுச்சாலை), டனல் என்று பார்த்ததும் அந்த லேனுக்குள் போய்விடுங்கள். கடைசி நொடியில் லேன் மாற அங்கே இடம் கிடையாது.

அடுத்து லீ நதிக்கு அடியில் ஜாக் லிஞ்ச் டனல், கட்டணம் கிடையாது. வெளியே வந்ததும் மஹோன் ஜங்ஷன், அதற்கடுத்தது புளூம்ஃபீல்டு. என்28 தொடங்குவது இந்த புளூம்ஃபீல்டில்தான். மஹோனைத் தாண்டும்போதே இடது லேனில் இருங்கள். தவறவிட்டால் பதற வேண்டாம், அடுத்த டக்ளஸ் வெளிவழியில் இறங்கித் திரும்பி வந்துவிடலாம்.

அங்கிருந்து துறைமுகம் சுமார் 12 கிலோமீட்டர். ரோச்ஸ்டவுன் தாண்டி காரஸ் ஹில் ஏற்றம். சரிவில் ஒரு பெரிய சிலுவை நிற்கும். 1840களின் பஞ்சத்தில் இறந்தவர்களைப் புதைத்த இடம் அது. அது கண்ணில் பட்டால் சரியான வழியில் போகிறீர்கள். ஏற்றத்தில் கன்டெய்னர் லாரி முன்னால் போனால் அதன் வேகம்தான் உங்கள் வேகம், முந்த நினைக்காதீர்கள்.

பெரும்பாலோர் தவறுவது அடுத்து வரும் ஷேனன்பார்க்கில். ரோடு நேராகப் போவதுபோல் தோன்றும், ஆனால் நேராகப் போனால் கேரிகலைன் ஊருக்குள் போய்விடுவீர்கள். ரிங்காஸ்கிடிக்கு இடது பக்கம், ஷான்பாலி வழி.

பதில் 2 (தார்ச்சாலை):
லீ நதி சொன்னதோடு ரோடு வேலை பற்றி. 12 கிலோமீட்டர் ரோடுக்கு 'தேசிய முதன்மைச் சாலை' என்ற பெயர் எதற்கு என்று தோன்றும். அயர்லாந்தில் 1 முதல் 50 வரையான எண்கள் முதன்மைச் சாலைக்கு, 51க்கு மேல் இரண்டாம் நிலைச் சாலைக்கு. நீளம் கணக்கில்லை, எதை எதோடு இணைக்கிறது என்பதுதான் கணக்கு. என்28 ஒரு நகரத்தை அதன் ஆழ்கடல் துறைமுகத்தோடு இணைக்கிறது. கன்டெய்னர் முனையம், மருந்துத் தொழிற்சாலைகள், கடற்படைத் தளமான ஹால்போலைன், கப்பல் கல்லூரி எல்லாவற்றுக்கும் இதுதான் உயிர்நாடி. அத்தனை சுமையையும் பெரும்பகுதி நடுவில் தடுப்பில்லாத ஒற்றைச் சாலையே தாங்கி வந்ததால்தான் அதை எம்28 மோட்டார்வே ஆக்கும் திட்டத்துக்கு 2018இல் அனுமதி கிடைத்தது.

வேலை நடக்கிற ரோட்டில் தற்காலிக போர்டுதான் சட்டம். ஜிபிஎஸ் இடது என்று சொல்லி, போர்டு நேர் என்று காட்டினால் போர்டைக் கேளுங்கள். துறைமுக வழிக்கு கப்பல் படம் போட்டிருக்கும், அதைப் பிடித்துக்கொண்டே போங்கள்.

நெரிசல் கணக்கு: வார நாட்களில் காலையில் ரிங்காஸ்கிடி நோக்கியும் மாலையில் நகரம் நோக்கியும் தொழிற்சாலை வண்டிகள் அடைக்கும். சனிக்கிழமை அது குறைவு. அதற்குப் பதில் மஹோன் ஜங்ஷனில் ஷாப்பிங் கூட்டம். டன்கெட்டிலிலிருந்து கப்பலடி வரை காலியாக இருந்தால் 25 நிமிடம்; நீங்கள் ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். மிகையாகத் தோன்றலாம். உயரம் மீறிய ஒரு லாரி வந்தாலே டனலை மூடிவிடுவார்கள். அப்போது என்8 வழியாக நகரத்துக்குள் போய், ஆற்றைக் கடந்து, என்27 பிடித்து, கின்சேல் ரோடு ஜங்ஷனில் என்40 கிழக்காக ஏறி புளூம்ஃபீல்டு வர வேண்டும். நகரத்தில் ஒரு சிக்னல் விடாமல் நிற்க வேண்டியிருக்கும்.

உங்கள் மனைவி ஓட்டுவது பற்றி: எம்7, எம்8 இரண்டிலும் லேர்னர் ஓட்டக் கூடாது, கண்டிப்பாக. என்28 மோட்டார்வே ஆகாத வரை சட்டத் தடை இல்லை. 'எம்' எண் போட்ட நீல போர்டு வந்த பகுதியில் அங்கும் கூடாது. இன்னொன்று, ஐரிஷ் லேர்னர் பெர்மிட் பிரான்ஸில் செல்லாது. ஆக, இந்தப் பயணம் முழுக்க நீங்களே ஓட்டுவதுதான் சரி.

பதில் 3 (மீரா_கார்க்):
பாஸ்போர்ட் விஷயத்தை முதலில் பாருங்கள் அண்ணா, மற்றதெல்லாம் பிறகு. அயர்லாந்து ஷெங்கனில் (ஒரே விசாவில் போய்வரும் ஐரோப்பிய நாடுகளின் கூட்டம்) இல்லை. ஐஆர்பி கார்டு (அயர்லாந்தில் தங்கும் அனுமதி அட்டை) கையில் இருந்தாலும் இந்திய பாஸ்போர்ட்டுக்கு பிரான்ஸ் போக ஷெங்கன் விசா வேண்டும், குழந்தைகளுக்கும் தனித்தனியாக. கோடையில் விசா அப்பாயின்ட்மென்ட் கிடைப்பதே பெரும்பாடு, இன்றே பாருங்கள். பெரியவர்களின் ஐஆர்பி குறைந்தது திரும்பி வரும் நாள் வரையாவது செல்லுபடியாக இருக்க வேண்டும். கார்க்கிலிருந்து நேரே போவதில் ஒரு லாபம், நடுவில் பிரிட்டன் வராததால் அந்த விசா தேவையில்லை.

ரூஃப் பாக்ஸ்: டிக்கெட் போடும்போது வண்டியின் உயரம் கேட்டிருப்பார்கள். காரின் உயரத்தை மட்டும் கொடுத்திருந்தால் இப்போதே திருத்துங்கள். பாக்ஸோடு தரையிலிருந்து டேப் வைத்து அளந்து சென்டிமீட்டரில் சொல்லுங்கள். தாழ்வான கார் தளத்தில் இடம் போட்டுவிட்டு உயரமாக வந்து நின்றால் கூடுதல் பணம் கேட்பார்கள். உயரமான தளம் நிரம்பிவிட்டால் ஏற்றவே முடியாமல் போகலாம்.

பயணம் சுமார் 14 மணி நேரம். கப்பல் கிளம்பியதும் கார் தளத்தைப் பூட்டிவிடுவார்கள். இரவுக்கு மாற்றுத்துணி, மருந்து, பால் பவுடர், பாஸ்போர்ட் எல்லாம் ஒரு தனிப்பையில் காலடியிலேயே இருக்கட்டும், டிக்கியில் அடியில் போட்டுவிடாதீர்கள். ஹேண்ட் பிரேக் போட்டு கியரில் விடுங்கள், ஆட்டோமேட்டிக் என்றால் பார்க்கில். அலாரத்தை அணைத்துவிடுங்கள், கப்பல் ஆடும்போது அலாரம் அடித்துக்கொண்டே இருந்து பேட்டரி இறங்கினால் காலையில் ரோஸ்காஃபில் வண்டி கிளம்பாது.

பிரான்ஸில் வலப்பக்கம் ஓட்டுவதால் ஹெட்லைட்டுக்கு ஸ்டிக்கர் வேண்டும். எச்சரிக்கை முக்கோணமும் ஒளிரும் மேல்சட்டையும் கட்டாயம், சட்டை கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். இன்ஷூரன்ஸில் முழுப் பாதுகாப்பு வெளிநாட்டில் எத்தனை நாள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ரோஸ்காஃப் இருக்கும் பிரிட்டனி பகுதியில் மோட்டார்வே டோல் இல்லை.

லிஃபிக்கரை:
மிக்க நன்றி. உயரம் கார் மட்டும்தான் கொடுத்திருந்தேன், இப்போதே திருத்துகிறேன். பெட்ரோல், சாப்பாடு எங்கே முடித்துக்கொள்வது?

பதில் 4 (லீ நதி):
சாப்பாட்டுக்கு எம்8இல் கேஷல் 8ஆம் ஜங்ஷன் அல்லது ஃபெர்மாய் 14. பெட்ரோலும் அங்கேயே. ரிங்காஸ்கிடி சின்ன ஊர், கடைகளை நம்பாதீர்கள். சீக்கிரம் வந்துவிட்டால் மட்டும் ஷேனன்பார்க்கில் நேராக கேரிகலைன் போய் வாங்கிக்கொண்டு திரும்பலாம்.